ஒரே நாளில் 42 சிகரங்கள்!

இரவு அடுப்படியைக் கழுவிவிட்டு, வாசல் கதவைத் தாழிட்டுவிட்டுப் படுக்கப் போகும்போது, "அப்பாடா! இன்றைக்கு எத்தனை தடவை மாடி ஏறி இறங்கினேன்!" என்று நீங்கள் அலுத்துக் கொண்டதுண்டா? உண்டு என்றால், இந்தக் கட்டுரை உங்களுக்காகத்தான்.

சின்னதாக ஒரு கணக்குப் போடுவோம். ஒரு மாடி பத்தடி உயரம் என்று வைத்துக் கொள்ளுங்கள். வடாம் உலர்த்த ஒரு தடவை, மழை வருகிறதென்று அதை அள்ளி வர ஒரு தடவை, துணி எடுக்க, பட்டம் விடும் பையனைப் பிடித்து வர என்று நாளைக்குப் பத்துத் தடவை ஏறினால், 100 அடி ஆயிற்று. இங்கிலாந்தில் சில பேர் ஒரே நாளில், அதாவது 24 மணி நேரத்தில், சுமார் 27,000 அடி ஏறுகிறார்கள். உங்கள் கணக்கில் அது 270 நாள் வேலை. "ஒன்பது மாதச் சுமை பெண்களுக்குப் புதிதா?" என்று நீங்கள் சிரிப்பது காதில் விழுகிறது. சிரியுங்கள். ஆனால் விஷயத்தை முழுக்கக் கேட்டுவிட்டுச் சிரியுங்கள்.

அவர்கள் ஏறுவது ஒரு மலையை அல்ல. 42 மலைச் சிகரங்களை. ஓர் ஊரில் புறப்பட்டு, 42 சிகரங்களையும் தொட்டுவிட்டு, 66 மைல் சுற்றி, புறப்பட்ட அதே வாசற்படிக்கு 24 மணி நேரத்துக்குள் திரும்பிவிட வேண்டும். ஒரு நிமிஷம் தாமதித்தாலும் கணக்கில் சேராது. பரிசுப் பணம் கிடையாது. மேளதாளம் கிடையாது. பல சமயம் பார்ப்பதற்குக் கூட மனிதர் கிடையாது. செம்மறி ஆடுகள்தான் பார்த்துக் கொண்டிருக்கும்.

ஏரி ஜில்லா

இங்கிலாந்தின் வடமேற்கு மூலையில் 'லேக் டிஸ்ட்ரிக்ட்' என்று ஒரு பிரதேசம். தமிழில் 'ஏரி ஜில்லா' என்று சொல்லிக் கொள்ளலாம். கலெக்டரும் கச்சேரியும் உள்ள ஜில்லா என்று நினைத்துவிட வேண்டாம். மலைகளும் ஏரிகளும் ஆடுகளும் சேர்ந்த பூமிக்கு வழங்கும் பெயர் அது. முயல் குட்டிக் கதைகளை எழுதிக் குழந்தைகளின் மனத்தைக் கொள்ளை கொண்டாரே பியாட்ரிக்ஸ் பாட்டர், அந்த அம்மாள் வாழ்ந்ததும், ஆட்டுப் பண்ணை நடத்தியதும் இங்கேதான். 1943-ம் ஆண்டில் அவர் காலமானபோது, 4,000 ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தை, அது என்றும் கெடாமல் இருக்க வேண்டும் என்று, தேசிய அறநிலைய ஸ்தாபனத்துக்கு எழுதி வைத்துவிட்டுப் போனார்.

இங்கே மலைகள் இமயத்தைப் போல் வானத்தை முட்டுபவை அல்ல. இங்கிலாந்திலேயே உயரமான ஸ்காஃபெல் பைக் என்ற சிகரமே 3,209 அடிதான். "பூ, இவ்வளவுதானா!" என்று தோன்றும். ஆனால் இவை செங்குத்தானவை. புல் சறுக்கும், கல் புரளும், சதுப்பு காலை வாங்கும். மழையோ கேட்க வேண்டாம். இங்கிலாந்தில் ஜனங்கள் வசிக்கும் இடங்களில் அதிக மழை பெய்வது இந்தப் பகுதியில் உள்ள சீத்வெய்ட் என்ற குக்கிராமத்தில்தான்; வருஷத்துக்குச் சுமார் 140 அங்குலம். மலை மேல் மூடுபனி இறங்கிவிட்டால், நீட்டிய கை தெரியாது.

இந்த மலைகளின் அடிவாரத்தில் ஒரு சிறு பட்டணம். எழுதுவது 'கெஸ்விக்' என்று. ஊரார் சொல்வது 'கெஸிக்' என்று. பென்சிலுக்குப் பேர் போன ஊர். அதன் கடைத்தெரு நடுவே 'மூட் ஹால்' என்ற பழைய மண்டபம் ஒன்று கோபுரத்துடன் நிற்கிறது. அதன் வாசற்படிதான் நம் கதையின் ஆரம்பமும் முடிவும்.

பைஜாமாச் சட்டைக்காரர்

1932-ம் ஆண்டு ஜூன் 13. நள்ளிரவு தாண்டி மணி ஒன்று. அந்த வாசற்படியிலிருந்து ஒரு மனிதர் புறப்பட்டார். பெயர் பாப் கிரஹாம். உத்தியோகம், அதே ஊரில் விருந்தினர் விடுதி நடத்துவது. வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. நம் வீடுகளில் அந்த வயதில் சாய்வு நாற்காலியை வாசலுக்கு இழுத்துப் போட்டுக் கொள்வார்கள்.

அவருடைய அலங்காரத்தைக் கேளுங்கள். காலில் டென்னிஸ் ஜோடு. அரையில் நீளமான நிஜார். மேலே இரவில் படுக்கும்போது போட்டுக் கொள்ளும் பைஜாமாச் சட்டை! ஆகாரம்? ரொட்டியும் வெண்ணெயும், அரைவேக்காட்டு முட்டை, நிறையப் பழம், மிட்டாய். இவ்வளவுதான். விசேஷக் கருவி ஒன்றுமில்லை. ஆனால் அந்த மலைகளை அவர் தம் வீட்டுப் புழக்கடையைப் போல் அறிந்திருந்தார். ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு நண்பர் கூட வந்தார்.

மறுநாள் அதே வாசற்படிக்கு அவர் திரும்பியபோது, ஆன நேரம் 23 மணி 39 நிமிஷம். கெடுவுக்கு 21 நிமிஷம் பாக்கி.

இது எவ்வளவு பெரிய காரியம் என்பது, பிறர் முயன்றபோதுதான் தெரிந்தது. ஒரு வருஷம் இரண்டு வருஷம் அல்ல; 28 வருஷம் வரை யாராலும் அதைச் செய்து காட்ட முடியவில்லை. கடைசியில் ஹாரி கிரிஃபின் என்ற பத்திரிகை எழுத்தாளர் அந்தச் சாதனையை நினைவூட்டி எழுதினார். (பத்திரிகைக்காரர்களாலும் நல்லது நடப்பதுண்டு என்பதற்கு இதை அத்தாட்சியாக வைத்துக் கொள்ளுங்கள்!) 1960-ல் ஆலன் ஹீட்டன் என்பவர் 22 மணி 18 நிமிஷத்தில் சுற்றி முடித்தார். அதன் பிறகு ஒருவர் பின் ஒருவராகக் கிளம்பினார்கள். 1971-ல், இந்தச் சுற்றை 24 மணிக்குள் முடித்தவர்களுக்கென்றே ஒரு சங்கம் ஏற்பட்டது. இன்று வரை இரண்டாயிரம் பேருக்கு மேல் அதில் சேர்ந்திருக்கிறார்கள்.

பாப் கிரஹாம் 1966-ல் காலமானார். தம் பெயரில் ஒரு சங்கம் வரும் என்பது அவருக்குத் தெரியாது.

நாமும் போய் வருவோம்

வாருங்கள், செலவில்லாமல் நாமும் மனத்தினால் ஒரு சுற்றுச் சுற்றி வருவோம். கிரஹாமைப் போலவே இரவு ஒரு மணிக்குப் புறப்படுவோம். ஜூன் மாதமானதால் அந்தச் சீமையில் பகல் சுமார் 17 மணி நேரம், இரவு கொஞ்சமே. அதனால்தான் பலர் இந்த மாதத்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

முதல் பகுதியில் மூன்றே சிகரங்கள். ஆனால் எடுத்த எடுப்பிலேயே 3,054 அடி உயர ஸ்கிடா. நெற்றியில் கட்டிய விளக்கின் வெளிச்சம் காலடியில் ஒரு வட்டம் போடும். அந்த வட்டம்தான் உலகம். பிளென்காத்ரா என்ற மூன்றாவது மலையிலிருந்து கத்தி முனை போன்ற பாறை வரப்பில் இறங்கும்போது கிழக்கு வெளுத்திருக்கும். கீழே திரெல்கெல்ட் கிராமத்தில் தோழர்கள் சூடான தேநீருடன் காத்திருப்பார்கள். மணி ஐந்து.

இரண்டாம் பகுதியில் 12 சிகரங்கள். ஹெல்வெலின் என்ற பெரிய மலையின் முதுகில் நீளமான ஓட்டம். இங்கே கால் சுகமாகப் போகும். "இவ்வளவு சுலபமா!" என்று வேகத்தைக் கூட்டுகிறவர்கள், சாயங்காலம் அதற்கு வட்டியும் முதலுமாகக் கட்ட வேண்டியிருக்கும்.

மூன்றாம் பகுதியில் 15 சிகரங்கள். இதுதான் நீளம், இதுதான் கரடுமுரடு. மேலே போகப் போக மண் மறைந்து பாறையாகிவிடும். அம்மிக்கல் அளவிலிருந்து அலமாரி அளவு வரை தாறுமாறாகக் கிடக்கும் கற்கள் மேல் தாவித் தாவிப் போக வேண்டும். ஸ்காஃபெல் பைக்கைத் தொட்டதும், எதிரே கூப்பிடு தூரத்தில் ஸ்காஃபெல் என்ற அடுத்த சிகரம் தெரியும். ஆனால் இடையே ஒரு பள்ளம். அதற்கு அப்பால் சுவர் போல் நிற்கும் பாறை. துணிந்தவர்கள் பாறையில் ஏறுவார்கள். மற்றவர்கள் கீழே இறங்கிச் சுற்றிப் போவார்கள். அதிலே போகிற நிமிஷங்கள் போனவைதான்.

பிற்பகல் மூன்று மணி சுமாருக்கு வாஸ்டேல் பள்ளத்தாக்குக்கு வந்து சேருவோம். இங்கிலாந்திலேயே ஆழமான ஏரி இங்கேதான் இருக்கிறது. ஆனால் அந்த அழகைப் பார்க்கக் கண்ணுக்குத் தெம்பு இருந்தால் அல்லவா? முப்பது சிகரம் முடிந்துவிட்டது. உட்கார நாற்காலி இருக்கிறது. அருகில் மோட்டாரும் நிற்கிறது. ஏறி உட்கார்ந்தால் வீடு. ஏறாவிட்டால் எதிரே யூபாரோ. மேடு என்றால் அப்படி ஒரு மேடு! வளைவு, நெளிவு ஒன்றும் கிடையாது, நேராக மேலே. பல பேருடைய ஆசை முடிந்து போவது இந்த நாற்காலியில்தான். அனுபவஸ்தர்கள் சொல்லும் புத்திமதி ஒன்றே: "வாஸ்டேலில் உட்காராதே. உட்கார்ந்தாலும் யோசிக்காதே!"

நாலாம் பகுதியில் 9 சிகரங்கள். ஏறுவதை விட இறங்குவதே இங்கே தண்டனை. கடைசி மலையான கிரே நாட்ஸின் சரிவில்தான் பழைய காலத்தில் கெஸ்விக் பென்சில்களுக்கான கரியை வெட்டி எடுத்தார்கள். அதைக் கடந்து ஹானிஸ்டர் கணவாய்க்கு வரும்போது வெயில் சாய்ந்துவிடும்.

ஐந்தாம் பகுதியில் மூன்றே சிகரங்கள். நாற்பத்திரண்டாவதற்கு 'ராபின்சன்' என்று பெயர். அதைத் தொட்டு இறங்கினால் தார் ரோடு. இனி மலை இல்லை. ஆனால் இன்னும் சில மைல் இருக்கிறது. கால் என்று சொல்லிக் கொள்ள எதுவும் இல்லை. தெரு விளக்குகள் தெரிகின்றன. மண்டபம் தெரிகிறது. வாசற்கதவில் கை வைத்தாயிற்று.

கடியாரமும் கால்களும்

"நடந்தே போனால் முடியாதா?" என்று கேட்பீர்கள். 1892-ல் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர் மலையேறுகிறவர்களுக்கு ஒரு வாய்பாடு சொன்னார். மூன்று மைலுக்கு ஒரு மணி நேரம். அதோடு, ஏறுகிற ஒவ்வொரு 2,000 அடிக்கும் மேற்கொண்டு ஒரு மணி நேரம். நம் சுற்றுக்கு அதைப் போட்டுப் பாருங்கள். 66 மைலுக்கு 22 மணி. 27,000 அடிக்கு பதின்மூன்றரை மணி. ஆக முப்பத்தைந்தரை மணி. அதுவும் ஓரிடத்தில் கூட உட்காராமல். இதிலே பதினோரு மணி நேரத்துக்கு மேல் மிச்சம் பிடித்தாக வேண்டும்! ஆகவே ஏற்றத்தில் விறுவிறுவென்று நடக்கிறார்கள். சமதளத்திலும் இறக்கத்திலும் ஓடுகிறார்கள்.

இறக்கம் ஏன் அவ்வளவு வலிக்கிறது? ஏறும்போது தொடைத் தசை சுருங்கி வேலை செய்கிறது. இறங்கும்போதோ, உடம்பு கீழே விழாமல் பிடித்துக் கொண்டே அது நீள வேண்டியிருக்கிறது. குடத்தைத் தூக்குவதை விட, ததும்பாமல் மெல்லக் கீழே இறக்கி வைப்பதில் கை எப்படி நடுங்குகிறது பாருங்கள், அதைப் போல. அப்படி ஆயிரக்கணக்கான தடவை நடந்தால் தசை நார்களில் நுண்ணிய கிழிசல்கள் உண்டாகின்றன.

தீனி இன்னொரு பிரச்னை. உடம்பு மாவுச் சத்தைச் சேமித்து வைப்பது சுமார் 2,000 கலோரிதான். கடுமையாக ஓடினால் சில மணி நேரத்தில் அது காலி. ஆகவே பசித்தாலும் பசிக்காவிட்டாலும் தின்றுகொண்டே இருக்க வேண்டும். வயிறோ, "எனக்கு வேண்டாம்" என்று திருப்பி அனுப்பும். கால் நன்றாக இருந்தும் வயிற்றால் தோற்றவர்கள் உண்டு.

சங்கத்தில் ஒரு விதி இருக்கிறது. ஒவ்வொரு சிகரத்திலும் கூட ஒரு சாட்சி இருந்தாக வேண்டும். ஆகவே இது தனி மனிதருடைய சாதனை அல்ல. ஒருவர் வழி காட்டுவார். ஒருவர் ரொட்டியும் தண்ணீரும் சுமப்பார். ஒருவர் நேரம் குறிப்பார். பகுதிக்குப் பகுதி ஆள் மாறும். அவர்களுக்குச் சன்மானம் ஒரு காசு கிடையாது. "இன்றைக்கு உனக்கு நான், அடுத்த வருஷம் எனக்கு நீ" என்பதுதான் ஒப்பந்தம். சுமப்பவர்களின் பெயர் உலகத்துக்குத் தெரிவதில்லை. அந்த வேலையைப் பற்றி நம் வீட்டுப் பெண்மணிகளுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

பெண்கள் வந்தார்கள்

சரி, இதில் பெண்கள் உண்டா? உண்டு; ஆனால் தாமதமாக வந்தார்கள். அந்தத் தாமதத்துக்கு அவர்கள் காரணமல்ல.

1928 ஒலிம்பிக்கில் பெண்கள் 800 மீட்டர் ஓடினார்கள். ஓடி முடித்துச் சிலர் களைத்துப் போய்த் தரையில் உட்கார்ந்தார்களாம். ஆண்கள் களைத்தால் அது வீரம். பெண்கள் களைத்தால் அது ஆபத்து! அந்தப் பந்தயத்தையே எடுத்துவிட்டார்கள். திரும்பி வந்தது 1960-ல்தான். 1976 ஒலிம்பிக்கிலே கூடப் பெண்களுக்கு இருந்த மிக நீளமான ஓட்டம் 1,500 மீட்டர். ஒரு மைலுக்கும் குறைவு.

அதற்கு அடுத்த ஆண்டு, 1977-ல், ஜீன் டாஸ் என்ற பெண்மணி 66 மைலையும் 42 சிகரங்களையும் 23 மணி 27 நிமிஷத்தில் சுற்றி வந்து மூட் ஹால் கதவில் கை வைத்தார். "ஒரு மைலுக்கு மேல் பெண்ணுக்குத் தாங்காது" என்று பெரியவர்கள் நினைத்துக் கொண்டிருந்த காலம் அது. 1932-ல் பாப் கிரஹாமுக்கு ஆன நேரத்தை விட 12 நிமிஷம் குறைவு என்பதையும் குறித்துக் கொள்ளுங்கள்.

அப்புறம் நிக்கி ஸ்பிங்க்ஸ் என்பவர். யார்க்ஷயரில் பண்ணை நடத்துகிறவர். 2006-ல் அவருக்கு மார்பகப் புற்றுநோய் என்று வைத்தியர்கள் சொன்னார்கள். சிகிச்சை நடந்தது, பிழைத்தார். பத்து ஆண்டுகள் கழித்து, 2016-ல், அதைக் கொண்டாட நினைத்தார். நாமாக இருந்தால் கோயிலில் ஓர் அர்ச்சனை, வீட்டில் ஒரு பாயசம். அவர் இந்த மலைச் சுற்றை ஒரு தடவை அல்ல, முடித்த கையோடு திரும்பி இரண்டாவது தடவையும் சுற்றினார்! 84 சிகரம், நாற்பத்தைந்தரை மணி நேரம். அதுவரை ஆணோ பெண்ணோ யாரும் இரட்டைச் சுற்றை அவ்வளவு சீக்கிரம் முடித்ததில்லை.

அதே 2016-ல் ஜாஸ்மின் பாரிஸ் என்ற கால்நடை வைத்தியப் பெண்மணி ஒற்றைச் சுற்றை 15 மணி 24 நிமிஷத்தில் முடித்தார். 2020-ல் பெத் பாஸ்கால் என்பவர் அதை 14 மணி 34 நிமிஷமாகக் குறைத்தார். ஜாஸ்மினின் கதை அதோடு நிற்கவில்லை. 2019 ஜனவரியில், இங்கிலாந்தின் முதுகெலும்பு போன்ற பென்னைன் மலைவழியில் 268 மைல் பந்தயம் ஒன்று. அப்போது அவருக்குப் பதினான்கு மாதக் குழந்தை. தாய்ப்பால் குடிக்கிற குழந்தை. வழியிலுள்ள தங்குமிடங்களில் கருவி கொண்டு பாலை எடுத்துவிட்டு, மறுபடி பனியில் இறங்கி ஓடினார். 83 மணி 12 நிமிஷத்தில், ஆண்கள் எல்லோரையும் முந்திக் கொண்டு, முதலாவதாக வந்து சேர்ந்தார். அந்தப் பந்தயத்தில் அப்படி வந்த முதல் பெண் அவர்தான்.

"அத்தனை மணி நேரம் வீட்டை யார் பார்த்துக் கொண்டார்கள்?" என்ற கேள்வி உங்களில் பல பேருக்கு எழும். ஆணுக்கு எழாத கேள்வி, பாப் கிரஹாமைப் பற்றிப் படித்தபோது, "விடுதியை யார் பார்த்துக் கொண்டார்கள்?" என்று நாம் கேட்டோமா? நானும் கேட்கவில்லை. எழுதும்போதுதான் உறைத்தது.

எதற்காக?

ஜாஸ் நெய்லர் என்று ஓர் இடையர். வாஸ்டேலில் ஆடு மேய்த்தவர். சிறு வயதிலேயே முதுகில் அடிபட்டு, பின்னர் சத்திர சிகிச்சையும் செய்து கொண்டவர். அவர் 1975-ல் 24 மணிக்குள் 72 சிகரங்கள் ஏறினார். 60-வது வயதில் 60 சிகரம். 70-வது வயதில் 70 சிகரம்! 2024-ல் 88-வது வயதில் காலமானார். அவர் காசுக்காக ஓடவில்லை. மறுநாள் காலையில் வழக்கம் போல் ஆடுகள் காத்திருக்கும்.

இதனால் உலகத்துக்கு என்ன பிரயோஜனம்? ஒன்றுமில்லை. அரிசி விலை குறையாது. ஆனால் தன்னால் எது முடியும் என்று பிறர் சொல்லக் கேட்டே காலம் கழிப்பது ஒன்று; ஒரு நாளாவது புறப்பட்டுப் போய்த் தானே பார்த்துவிட்டு வருவது ஒன்று. அந்த 24 மணி நேரம் முழுக்க அவர்களுக்கே சொந்தம். இந்தக் கட்டுரையை எழுதும்போது என் பொறாமையைக் கிளப்பியது அந்த 42 சிகரங்கள் அல்ல, அதுதான்.

நீங்கள் நாளைக்கே மலை ஏற வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். பழக்கமில்லாமல் ஏறினால் முழங்கால் என்னைத்தான் திட்டும். ஆனால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை, விடியற்காலையில் செருப்பை மாட்டிக் கொண்டு, யாருக்காகவும் அல்லாமல், எதையும் வாங்கி வருவதற்காகவும் அல்லாமல், நாலு மைல் நடந்துவிட்டு வாருங்கள். திரும்பி வரும்போது, வாசற்படியில் ஒருவர் சூடான காப்பியுடன் நிற்க வேண்டும் என்று முன்கூட்டியே வீட்டில் சொல்லி வையுங்கள்.

அவருக்கு வழி தெரியாது என்றால், டிக்காஷன் எந்தப் பாத்திரத்தில் இருக்கிறது என்று மட்டும் ஒரு சீட்டு எழுதி வைத்துவிட்டுப் போங்கள்.